மூன்றாம் நம்பர் சுவர்

ஓசூர்
அக்டோபர் 14

அன்புள்ள ஜெயப்ரியாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அதனால் இங்கே நானும் உன் மாமாவும் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் மாதேஷும் பிள்ளை ரேவதியும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உன் போன் நம்பரைப் போட்டால், அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் கன்னடத்தில் சொல்கிறாள். நம் தெரு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று இந்த டவருக்கு இன்னமும் சந்தேகம். நீ குடிவந்தபோது கொடுத்த ஆதார் நகல் பீரோவில் கிடந்தது. அதில் பாரூர் முகவரி இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய முகவரிதான். உன் மாமியார் வீடு பாரூர் ஏரியை விட்டு எங்கே போய்விடப் போகிறது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீ ஜனவரியில் விட்டுப் போன தெரு இப்போது இல்லை. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போமே, அந்த இடத்தில் தார் போட்டு, ஓரத்தில் சிமெண்டுக் கல் பதித்து, பூச்செடி வைத்திருக்கிறார்கள். பத்தடிக்கு ஒரு விளக்கு. எதிரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் ஆள் வந்துவிட்டார்கள், மொத்தம் நூற்றுநாற்பது வீடாம். முனையில் சர்க்கரை டாக்டர் ஒருவர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாமாவின் இன்சுலினை மருந்துக்கடைக்காரனே வாசலில் கொண்டுவந்து தருகிறான். குடித்துவிட்டு வந்து நம் கேட்டில் சாய்ந்து பாடுவானே ஒருவன், அவன் எந்தப் பக்கம் போனான் என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இதற்கெல்லாம் நான் சந்தோஷப்பட்டேன். நம் தெருவுக்கும் ஒரு விடிவு வந்தது என்று உறவுக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

செல்வம்மாளின் பெட்டிக்கடை போய்விட்டது. அந்த இடத்தில் காபிக் கடை வந்திருக்கிறது. மத்தியானம் முழுக்கப் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கோப்பையை மூன்று மணி நேரம் குடிக்கிறார்கள். செல்வம்மாளாக இருந்தால் எழுப்பி விரட்டியிருப்பாள்.

போன மாதம் ரோட்டோரத்தில் ராகி காயவைத்தேன். இருபது வருஷமாகக் காயவைக்கிற அதே இடம். யாரோ மாடியிலிருந்து போட்டோ எடுத்து, தெருவுக்கென்று வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். யார் இந்த அம்மா, வழியை மறிக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தார்களாம். முனிராஜ்தான் பெங்களூரிலிருந்து போன் செய்து, "அம்மா, இனிமே மாடியில போடு, மானம் போவுது" என்றான். இந்தத் தெருவில் முதல் வீடு கட்டியவள் நான். என்னை யார் என்று கேட்கிறார்கள். கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மாடியில்தான் போடுகிறேன்.

நம் லைன் வீடுகளை முனிராஜ் இரண்டிரண்டாகச் சேர்த்து, ஆறை மூன்றாக்கிவிட்டான். உன் மூன்றாம் நம்பர் வீடும் நாலாம் நம்பரும் ஒன்றாகிவிட்டன. என் அடுக்களைச் சுவரை மட்டும் இடிக்கவில்லை, அது அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் எஸ்லின் என்று ஒரு பெண் குடியிருக்கிறாள், நாகர்கோவில்காரி. புருஷன் காரில் எலக்ட்ரானிக் சிட்டி போகிறான். இவளுக்கு வீட்டிலேயே வேலை. காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவாள். நல்ல பெண்தான். பார்த்தால் ஆன்ட்டி என்று சிரிப்பாள். ஆனால் பார்ப்பது மாதத்தில் இரண்டு தடவை.

அவளுக்கு நம் தட்டுகிற வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குவார்கள், வாசலில் நின்று கத்திக் கூப்பிடாதே, சுவரைத் தட்டு என்று நீ வந்த முதல் நாளே உனக்குச் சொன்னேனே. கிண்டுகிற துடுப்பால் இரண்டு தட்டு தட்டினால் களி ஆகிவிட்டது, கிண்ணத்தோடு வா. விடாமல் தட்டினால் எது கையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வா. இதை எஸ்லினிடம் எப்படிச் சொல்வது? சிரித்துவிடுவாளோ என்று வெட்கமாக இருக்கிறது. சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்குச் சர்க்கரை திடீர் திடீரென்று இறங்குகிறது. இந்த மாதத்தில் இரண்டு முறை உட்கார்ந்த இடத்திலேயே பேச்சுக் குழறி வேர்த்துவிட்டது. நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துச் சமாளித்தேன். முன்பு ஒரு தடவை அடியோடு மயங்கி விழுந்தாரே, நீ பேக்டரியில் முதலுதவி கற்றுக்கொண்டதை வைத்து ஏதோ செய்தாய். மாதேஷ் அவரைப் புரட்டிப் பிடித்துக்கொண்டார். நீ வாய்க்குள் எதையோ தடவினாய். அது தேனா, சர்க்கரையா? எவ்வளவு? நான் அப்போது சாமி படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தேன், பார்க்கவில்லை. டாக்டர் சொன்னதையும் அவர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்து மறந்துவிட்டேன். மாமா எண்பத்தைந்து கிலோ. நான் ஒருத்தி. பகலெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது, ஜெயப்ரியா. ஒரு வரி போதும், எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அத்தை
ராஜாத்தி


ஓசூர்
நவம்பர் 6

ஜெயப்ரியாவுக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வரிதான் கேட்டேன். உனக்கு என் மேல் கோபம் இருக்கலாம், இருக்கட்டும். அதை மாமாவிடம் காட்டலாமா? ரேவதிக்குக் காதணி விழா நடந்தபோது தாய்மாமன் வரவில்லை என்று அவர் மடியில்தானே பிள்ளையை உட்காரவைத்தாய்? கையெழுத்து சரியாக வரவில்லை, பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அது நடந்துவிட்டது. நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஊசி போட்டுக்கொண்டவர், பசி இல்லை என்று ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சட்டை முழுக்க வேர்வை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையில் துடுப்பு இருந்தது. அடுக்களைக்கு ஓடி, சுவரைத் தட்டினேன். விடாமல் தட்டினேன். அன்றைக்கு எஸ்லினுக்கு லீவு போலிருக்கிறது, அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டத் தட்டப் பாட்டுச் சத்தம் குறைந்தது. கேட்டுவிட்டது, வருகிறாள் என்று வாசலுக்கு ஓடினேன். யாரும் வரவில்லை. திரும்ப வந்து இன்னும் பலமாகத் தட்டினேன். பாட்டு சுத்தமாக நின்றது. ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அந்த நிசப்தத்தை என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது. காட்டில் பாம்பு பார்த்திருக்கிறேன், யானை வந்து கரும்பைத் தின்றுவிட்டுப் போகும் சத்தத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். இப்படிப் பயந்ததில்லை.

சர்க்கரையைக் கரைத்து ஸ்பூனால் வாயில் ஊற்றினேன். அது உள்ளே போகவில்லை. புரையேறி, மூச்சுத் திணறி, முகம் கறுத்துவிட்டது. நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். தெரு சுத்தமாக, அழகாக இருந்தது. ஒரு ஆள் இல்லை, முனை டாக்டரும் சாயங்காலம்தான் வருவார். கம்பத்துக்குக் கம்பம் கேமரா, எல்லாம் என்னைப் பார்க்கிறது. எதிர் அடுக்குமாடியின் செக்யூரிட்டியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும் என்று இந்தியில் சொல்கிறார் போலிருக்கிறது. பாவம், அவரும் என்ன செய்வார். உள்ளே யாருக்கோ போன் போட்டார்.

குப்பை வண்டி மாதேஸ்வரி அப்போதுதான் முனையில் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "பயப்படாதேக்கா, மூச்சு இருக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே அவரை ஒரு பக்கமாகப் புரட்டினாள். வாயில் இருந்ததெல்லாம் வழிந்து, இருமி, மூச்சு விட்டார். அவளே 108க்குச் சொன்னாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் வந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், வெளியில் மழை பெய்கிறது என்பது மாதிரி.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எஸ்லினிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. ஸாரி ஆன்ட்டி, பாட்டுச் சத்தம் அதிகமாக இருந்துவிட்டது, நீங்கள் தட்டியதும் குறைத்துவிட்டேன், இனிமேல் ஹெட்போனில் கேட்கிறேன் என்று எழுதி, கும்பிடுகிற கை இரண்டு போட்டிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதேன். அவளை என்ன சொல்வது? அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினால் சத்தத்தைக் குறை என்று அர்த்தம் போலிருக்கிறது. மரியாதையாகக் குறைத்திருக்கிறாள். இன்று விஷயம் தெரிந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே ஆன்ட்டி" என்றாள். அந்த நேரத்தில் எனக்குக் கண்ணாடி எங்கே இருந்தது, போன் எங்கே இருந்தது?

முனிராஜ் முப்பது மைலில் இருக்கிறான். அத்திப்பள்ளியைத் தாண்டி வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. வந்தவன் கூடத்தில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறான். ஆபீஸில் இருந்தே அப்பாவைப் பார்த்துக்கொள்வானாம். பார்க்கட்டும். அவர் விழுந்தால் கேமரா தூக்குமா?

நீ எழுதியிருந்தால் நான் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டேன். அதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை
ராஜாத்தி


ஓசூர்
டிசம்பர் 2

என் கண்ணு ஜெயப்ரியாவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நான் எழுதிய கடைசி வரி உன் கண்ணில் படாமலே போயிருக்கக் கூடாதா என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் எனக்கு முந்தாநாள்தான் கிடைத்தது. தபால்காரர் இப்போதெல்லாம் வீடு வீடாக வருவதில்லை. தெருவுக்கே சேர்த்து எதிர் அடுக்குமாடி செக்யூரிட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். அந்த மாடிக்காரர்களுக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்? பார்சல் மட்டும்தான் பார்ப்பார்கள். அந்த செக்யூரிட்டி ஊருக்குப் போகும்போது மேஜையைச் சுத்தம் செய்து, நம் வீட்டுக் கதவு எண்ணைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். உறையில் இருந்த முத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 18. நான் எழுதிய நாலாம் நாளே நீ போட்டிருக்கிறாய். மாமா விழுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே உன் பதில் எதிர் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாற்பதடி தூரம். நான் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டபோது, அது அந்த மேஜையில்தான் இருந்திருக்கிறது.

நாலே வரிதான் எழுதியிருக்கிறாய். ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். நினைவு இல்லாதபோது வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சர்க்கரையைக் கொஞ்சமாகக் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவவும். உடனே 108க்குச் சொல்லவும். அதைக் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டேன். மேல் வரியை மட்டும் ஒட்டவில்லை, என்னிடம் வைத்திருக்கிறேன். அதில் ஓனரம்மாவுக்கு என்று எழுதியிருக்கிறாய்.

நீ வந்த புதிதில் ஆறு மாதம் என்னை ஓனரம்மா என்றாய். ரேவதி பிறந்து, நான் உனக்குப் பத்தியச் சாப்பாடு கொடுத்த நாளிலிருந்து அத்தை ஆனேன். காலி செய்த அன்று, சாத்திய கதவுக்கு வெளியே நின்று, மறுபடியும் "ஓனரம்மா, சாவி இந்தாங்க" என்றாய். அதற்கு எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இவ்வளவு நாள் இருந்தேன்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ரேவதிக்கு முழுப் பரீட்சை முடியும் வரை, மூன்றே மாதம் கேட்டாய். முனிராஜ் சம்மதிக்கவில்லை, என் கையில் எதுவும் இல்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அவன், "மூணாம் நம்பரை மட்டும் வுட்டுரலாம்மா, உனக்கும் ஆள் துணையா இருக்கும்" என்றுதான் சொன்னான். வேண்டாம் என்றது நான். எதிர் மாடியைப் பார்க்க வந்த ஒரு அம்மாள், இந்த லைன் வீட்டு ஆட்கள் எல்லாம் இப்படியே இருப்பார்களா என்று என்னிடம் கேட்டாள். அப்போது நீ பம்புக்கடியில் யூனிபார்மோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டோம் என்று என் வாயால் சொன்னேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். உன்னை விட்டேன்.

இன்னொன்று. நீ சாமான் ஏற்றிய அன்று தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி கிளம்புவதற்கு முன்னால் நீ காலி வீட்டுக்குள் போய் இரண்டு தட்டு தட்டினாய். எனக்குக் கேட்டது. நான் அடுக்களையில்தான் நின்றுகொண்டிருந்தேன், துடுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டவில்லை. என் தலைவிதி, பத்து மாதம் கழித்து அதே சுவரில் நான் தட்டினேன்.

எஸ்லினும் புருஷனும் போன வாரம் காலி செய்துவிட்டார்கள். புனேயில் வேலை. எஸ்லின் போகும்போது என் போனில் அவள் நம்பரை முதல் எண்ணாகப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். இனி அந்தப் பக்கம் பாட்டைக் குறைக்கக்கூட ஆள் இல்லை. மாமாவுக்கு இப்போது இடது கை சரியாக எழவில்லை. நான் குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். பால் பொங்கினாலும் அவர் மூச்சு கேட்கிறதா என்று காது அங்கேதான் போகிறது. சில நாள் அவரே, "ஏன்டி இப்படிப் பாக்கற, நான் எங்கயும் போவல" என்று சிரிக்கிறார். அவர் சிரித்தால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். முனிராஜிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உன் விருப்பம்மா" என்றான். மூன்றாம் நம்பர் சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. பழைய வாடகைதான். நீ வந்தால் நான் பிழைப்பேன் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறேன், அதை மறைக்கவில்லை. என் தேவைக்கு விரட்டினேன், என் தேவைக்கே கூப்பிடுகிறேன் என்று நீ நினைத்தால், அது உண்மைதான். ரேவதி அங்கே பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டிருந்தால், அவளை இன்னொரு தடவை பாதியில் பிடுங்கிக்கொண்டு வராதே. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பதில் போடு. செக்யூரிட்டி மேஜையை நான் தினமும் போய்ப் பார்க்கிறேன், புது ஆளுக்கும் என்னைத் தெரியும். போன இரண்டு கடிதத்திலும் உன் அத்தை என்று கையெழுத்துப் போட்டேன். இதில் போடவில்லை. அது நீ கொடுத்தது, நீதான் திரும்பக் கொடுக்க வேண்டும்.

நீ எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தாலும், நீ சுவரைத் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வரட்டும். கேட்டும் கேட்காத மாதிரி நிற்கிறவள் உனக்கு ஒருநாளும் வாய்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ராஜாத்தி